நியூயோர்க்கின் மறைவுத் தவறணைகள்



நியூயோர்க் மாநகரில் சென் மார்க்ஸ் பிளேஸ் என்றொரு தெரு உண்டு. 2007ஆம் ஆண்டிலே அத்தெருவிலுள்ள ஒரு சிற்றுண்டிக் கடையின் உட்புறத்தில் மதுச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. சிற்றுண்டிக் கடையின் சுவரோரமாகப் பழைய தொலைபேசிக் கூண்டு ஒன்று நிற்கும். கூண்டினுள் நுழைந்து தொலைபேசியைக் கையிலெடுத்தால், சிறிது நேரத்தில் கூண்டின் மறுபக்கச் சுவர் கதவாகத் திறக்கும். உள்ளே மங்கிய விளக்கு. தாழ்ந்த குரலில் உரையாடும் மனிதர். எவரிடமும் சொல்லாதீர்கள் என்னும் பொருள்படும் தொடரே அம்மதுச்சாலைக்கு இடப்பட்ட பெயராகும்.

இதற்கு முன்னோடியாக, 1999ஆம் ஆண்டின் இறுதி நாளிரவிலே, அதே நகரின் எல்ட்ரிட்ஜ் தெருவில் சாஷா பெட்ராஸ்கி என்ற இளைஞர் 'பாலும் தேனும்' என்ற மதுச்சாலையைத் தொடங்கினார். அங்கும் பெயர்ப்பலகை இருக்கவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் இடம் கேட்டுக்கொண்டே அங்கு செல்லவேண்டியிருந்தது. அவருடைய வழியைப் பின்பற்றி உலகின் பல நகரங்களில் இத்தகைய ஒளிவிடங்கள் தோன்றிவிட்டன. நோர்போக் தெருவிலுள்ள ஒன்றில் மதுவைத் தேநீர்க் கோப்பைகளில் ஊற்றிக் கொடுக்கின்றனர். ஒரே இரவில் இவ்விடங்கள் மூன்று நான்கிற்கு அடுத்தடுத்துச் சென்று வருவது உல்லாசப் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

நேயர்களே, இவை யாவும் அனுமதிப்பத்திரம் பெற்று, அரசுக்கு வரி செலுத்தி நடைபெறும் கடைகள். பொலிசார் வந்தால் அஞ்சவேண்டிய தேவை எதுவும் இவற்றுக்கு இல்லை. அவ்வாறாயின் இவை ஏன் ஒளிந்து நிற்கின்றன? தேநீர்க் கோப்பைக்குள் மதுவை மறைப்பது எதற்காக? இக்கேள்விக்கு விடைகாண வேண்டுமாயின், 1920ஆம் ஆண்டு தொடக்கம் 1933ஆம் ஆண்டு வரையிலான காலத்துக்கு நாம் செல்லவேண்டும். இன்று மனக்கண்ணால் அந்நகரத் தெருக்களில் ஓரிரவு நடப்போம். சில கதவுகளைத் தட்டுவோம். இறுதியாக, இந்நாளைய மதுச்சாலைக்காரர் எவரும் போலிசெய்து அமைக்க விரும்பாத ஒரு கதவின் முன்னே நிற்போம்.

முதலில், அமெரிக்க மக்கள் மதுவை ஏன் விலக்கினர் என்பதை அறிதல் நலம். 'சலூன்' என்றால் நம்மவர்க்கு முடிதிருத்தும் நிலையமே நினைவுக்கு வரும். சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட அமெரிக்கருக்கோ அது தவறணையின் பெயர். தொழிற்சாலைகள் பெருகிய நகரங்களிலே மூலைக்கு மூலை சலூன்கள் இருந்தன. கூலி பெற்ற தொழிலாளி வீட்டுக்குச் செல்லும் வழியிலேயே அவை வாய்திறந்து நின்றன. வெறுங்கையோடு வந்த கணவனின் அடியையும் பிள்ளைகளின் பசியையும் தாங்கியவள் மனைவி. அவளுக்கு நாடளாவிய வாக்குரிமை அக்காலத்தில் இல்லை. 1873ஆம் ஆண்டின் இறுதியில் ஒகாயோ மாநிலத்துப் பெண்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று சலூன்களின் வாயிலில் முழந்தாளிட்டுச் செபித்தனர். மறுவருடம் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் உருவாயிற்று. பிரான்சிஸ் வில்லார்ட் அம்மையார் அதனை மாபெரும் இயக்கமாக வளர்த்தார். ஆகவே மதுவிலக்குக் கோரிக்கையைக் கண்டிப்பான சமயவாதிகளின் பிடிவாதம் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் நியாயமாகாது. அதன் அடியில் குடும்பப் பெண்களின் கண்ணீர் இருந்தது.

கண்ணீரால் மாத்திரம் அரசியல் யாப்பு திருந்திவிடுவதில்லை. 1893ஆம் ஆண்டில் தோன்றிய சலூன் எதிர்ப்புக் கழகம் அரசியல் உபாயம் அறிந்தது. அதன் வழிகாட்டியான வேன் வீலர் என்ற சட்டத்தரணி, வேட்பாளர் எக்கட்சியினர் என்று பார்ப்பதில்லை. மதுவிலக்கை ஆதரிப்பவருக்கு வாக்கு, எதிர்ப்பவருக்குத் தோல்வி என்பதே அவர் வகுத்த நெறி. 1913ஆம் ஆண்டில் வருமான வரிக்கு அரசியல் யாப்பு இடமளித்தமையால், மதுவரியின்றியும் அரசு நடைபெறலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1917ஆம் ஆண்டில் ஜேர்மனியோடு போர் மூண்டபோது, பியர் வடிக்கும் பெருமுதலாளிகள் பலர் ஜேர்மானியப் பெயர் தாங்கியவராயிருந்தமை அவர்களுக்கு எதிரான வெறுப்பை மூட்டிவிட்டது. இவ்வாறு பல காற்றுகள் ஒரே திசையில் வீசிய வேளையில், அரசியல் யாப்பின் 18ஆவது திருத்தம் 1919ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி மாநிலங்களால் உறுதிசெய்யப்பட்டது. ஓராண்டின் பின், 1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி, அது நடைமுறைக்கு வந்தது. ஈற்றில் 48 மாநிலங்களுள் 46 அதற்கு இணங்கின.

திருத்தத்தைச் செயற்படுத்தவென ஆக்கப்பட்ட சட்டம், மினசோட்டா மாநிலத்து அன்ட்ரூ வோல்ஸ்டெட் என்பவரின் பெயரால் வழங்குகின்றது. ஜனாதிபதி வில்சன் அதனை மறுத்தபோதிலும், கொங்கிரஸ் மறுப்பை மீறி 1919ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதை நிறைவேற்றிற்று. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் மதுசாரம் கொண்ட எப்பானமும் போதைப்பானம் என அது வரையறுத்தது. கடும் மதுவே ஒழியும், இலேசான பியர் எஞ்சும் என்று நம்பியிருந்த பலர் திகைத்தனர்.

இச்சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மது வடித்தலும், விற்றலும், கொண்டுசெல்லலுமே குற்றங்கள், குடித்தல் குற்றமன்று. சட்டம் வருமுன் வாங்கி வீட்டில் சேமித்துவைத்த மதுவை ஒருவர் தம் வீட்டில் அருந்தலாம். ஆகையால் நிலவறையும் பணமும் உடையவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிக்கொண்டனர். நாட்கூலியில் வாழ்ந்தவனுக்கோ சேமிக்கப் பணமுமில்லை, வைக்க இடமுமில்லை. வைத்தியரின் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி பெறலாம்; அதற்கும் பணம் வேண்டும். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டது. ஆனால் அது தொடங்கிய நாளிலேயே செல்வருக்கு ஒரு வழியும் வறியோருக்கு வேறொரு வழியும் பிரிந்துவிட்டன.

இனி நமது இரவு நடையைத் தொடங்குவோம். முதலாவதாகத் தட்டும் கதவு கிரீன்விச் விலேஜ் பகுதியிலே, பெட்போர்ட் தெருவில், 86ஆம் இலக்க வீட்டினது. 1922ஆம் ஆண்டளவில் லீ சம்லி என்பவர் இங்கே ஒரு மறைவுத் தவறணையை நடத்தத் தொடங்கினார். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் வீட்டுக் கதவு. பின்புறமாக இன்னொரு வழி ஒரு சிறு முற்றத்தைக் கடந்து பரோ தெருவுக்குச் சென்றது. முன்வாயிலில் அதிகாரிகள் நுழைந்தால் பின்வாயிலால் வாடிக்கையாளர் மறைவர். எழுத்தாளர் பலர் இங்கு கூடுவது வழக்கம். அவர்களுடைய நூல்களின் மேலுறைகள் சுவரை அலங்கரித்தன. மதுவிலக்கு நீங்கிய பின்னும் அவ்விடம் பெயர்ப்பலகை இன்றியே நடந்துவந்தது. 2007இல் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தமையால் மூடப்பட்டு, 2016இல் மீண்டும் திறக்கப்பட்டு, 2020இல் மறுபடியும் மூடப்பட்டது.

இத்தகைய இடங்களை அமெரிக்கர் 'ஸ்பீக் ஈஸி' என்றனர். மெல்லப் பேசு என்பது அதன் பொருள். அயலாருக்கும் பொலிசாருக்கும் கேளாதவாறு பேசவேண்டிய இடம் என்பதால் வந்த பெயர். அனுமதியில்லாத தவறணைகளைக் குறிக்க இச்சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிலிருந்தது. மதுவிலக்குக் காலமே அதனை நாடறியச் செய்தது. கதவில் ஒரு சிறு துவாரம். உள்ளிருந்து ஒரு கண் பார்க்கும். தெரிந்த முகம், அல்லது தெரிந்தவரின் பெயர், அல்லது முன்னரே அறிவிக்கப்பட்ட ஒரு சொல், இவற்றுள் ஏதேனும் ஒன்றிருந்தால் தாழ்ப்பாள் விலகும். நியூயோர்க்கின் பொலிஸ் ஆணையாளராயிருந்த குரோவர் வேலன், தம் நகரில் இவை 32,000 வரை உள்ளன என மதிப்பிட்டார். மறைவாக நடப்பனவற்றை எவராலும் சரியாக எண்ண இயலாதெனினும், மறைவு என்பது பெயரளவில் மாத்திரமே இருந்ததென்பதை இத்தொகை காட்டுகின்றது.

இத்துணை மது எங்கிருந்து வந்தது? கனடாவின் எல்லை நீண்டது. அத்திலாந்திக் கடலிலே, அமெரிக்காவின் அதிகாரம் செல்லாத தொலைவில், மது நிறைந்த கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. விரைவுப் படகுகள் இரவில் சென்று சரக்கை ஏற்றிவந்தன. வீடுகளில் இரகசியமாக வடித்தோரும் பலர். கசிப்பு என்று நம்நாட்டில் வழங்குவதற்கு ஒப்பானதே அது. இவற்றைவிட இன்னொரு மூலமும் இருந்தது. வர்ணப்பூச்சுக்கும் பிற தொழில்களுக்குமென வடிக்கப்பட்ட மதுசாரத்தைக் களவாக எடுத்து மதுவாக மாற்றி விற்றனர். இந்த மூலத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நமது நடையின் இறுதியில் இதனை மறுபடி சந்திப்போம்.

சட்டத்தைக் காக்க மத்திய அரசு தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 1,500 முகவர்களையே நியமித்தது. அவர்களுள் நியூயோர்க்கில் பணிபுரிந்த இஸி ஐன்ஸ்டைன், மோ சிமித் என்னும் இருவரும் பெரும்புகழ் பெற்றனர். தபாற் கந்தோர் எழுதுவினைஞராயிருந்த ஐன்ஸ்டைன், குள்ளமான பருத்த உருவினர். பல மொழிகள் பேசுவார். பிரேதக்குழி வெட்டுபவராகவும், வாத்தியக்காரராகவும் வேடமிட்டு நுழைந்து, மது கையில் வந்தவுடன் கைதுசெய்வார். ஐந்தாண்டு காலத்தில் இருவருமாக ஏறத்தாழ 4,900 பேரைப் பிடித்தனர். பத்திரிகைகள் இவர்களுடைய வேடிக்கைகளை நாள்தோறும் எழுதின. ஆயினும் 1925இல் இருவரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். இவர்கள் ஒரு கதவை மூட, பக்கத்துத் தெருவில் வேறொரு கதவு திறந்தது. நியூயோர்க் மாநிலமோ, மதுவிலக்கை நடைமுறைப்படுத்தவென 1921இல் தான் இயற்றிய சட்டத்தை இரண்டே ஆண்டுகளில், ஆளுநர் அல் சிமித்தின் கையொப்பத்தோடு, நீக்கிவிட்டது. தன் சட்டத்தைத் தானே கைவிட்ட மாநிலத்தில் பொலிஸ்காரர் எதற்காகக் கதவைத் தட்டப் போகிறார்?

அடுத்ததாக 52ஆம் தெருவுக்குச் செல்வோம். மேற்கு 21ஆம் இலக்கம். ஜாக் கிரைன்ட்லர், சார்ளி பேர்ன்ஸ் என்னும் உறவினர் இருவர் வேறிடங்களில் மறைவுத் தவறணை நடத்தி, 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து சேர்ந்தனர். செல்வரும் அரசியல்வாதிகளும் நடிகரும் நாடிய இடம் இது. இதன் அமைப்பைக் கேட்டால் கதைப் புத்தகம் போலத் தோன்றும். எச்சரிக்கை மணி அடித்ததும் ஒரு விசையை இழுப்பர். மதுத்தட்டுகள் சரிந்து, புட்டிகள் யாவும் சுவரினுள்ளிருந்த குழாய் வழியே கீழே வீழ்ந்து நொறுங்கும். மது கழிவுநீர்க் காலுக்குள் ஓடிவிடும். பெருந்தொகைச் சரக்கோ நிலவறையில் இருந்தது. அந்நிலவறையின் கதவு ஏறத்தாழ 5,000 இறாத்தல் நிறையுடையது. ஆயினும் பார்ப்பவர்க்கு அது வெறும் செங்கற் சுவர். சுவரிலிருந்த பல வெடிப்புகளுள் ஒன்றினுள் 18 அங்குல நீளமான இறைச்சி கோக்கும் கம்பியைச் செலுத்தினால் அது திறக்கும். அந்த அறை அயலிலுள்ள 19ஆம் இலக்கக் கட்டடத்தின் கீழே அமைந்திருந்தது. 'இக்கட்டடத்தில் மது இருக்கிறதா?' என்று அதிகாரி கேட்டால், இல்லை என்று பொய் கூறாமலே விடையளிக்கலாம். 1932இல் அதிகாரிகள் சோதனையிட வந்தபோது வெறுங்கையோடு திரும்பினர். நகர முதல்வராயிருந்த ஜிம்மி வோக்கருக்கே அந்நிலவறையில் தனியிடம் இருந்ததென்பர். ஊழல் விசாரணை நெருங்கிய வேளையில், 1932ஆம் ஆண்டு செப்ரெம்பரில், அவர் பதவி துறந்தார். இம்மதுச்சாலை பின்னர் சட்டபூர்வமான உணவகமாக மாறி, 2020 வரை நிலைத்தது.

இத்தகைய இடங்களில்தான் கொக்டெயில் எனப்படும் கலப்பு மது பெரும்புகழ் பெற்றது. கொக்டெயில் மதுவிலக்குக் காலத்தின் கண்டுபிடிப்பன்று. 1806ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகையொன்று அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறது. ஆயினும் மதுவிலக்கின்போது அதற்குப் புதியதொரு பயன் ஏற்பட்டது. களவாக வடித்த ஜின்னின் நாற்றத்தை மறைக்க எலுமிச்சைச் சாறும், தோடம்பழச் சாறும், தேனும் தேவைப்பட்டன. தொழிலறிந்த மது கலப்போர் பலர் கடல்கடந்தனர். அவர்களுள் ஹரி கிரடொக் என்பவர் இலண்டன் சவோய் விடுதியை அடைந்து, தம் கலையைப் பற்றி 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்நாளைய மதுச்சாலைக்காரர் அந்நூலைப் போற்றிப் படிக்கின்றனர். சிறந்த கலைஞர்கள் வெளியேறியதும், கெட்ட சரக்கின் சுவையை மறைக்கும் வித்தையே ஊரில் எஞ்சியதும் ஒருங்கே நிகழ்ந்தன.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. பழைய சலூன் பெரும்பாலும் ஆண்களின் இடம். மறைவுத் தவறணையிலோ பெண்களும் அமர்ந்தனர். டெக்சஸ் கைனன் என்ற அம்மையார் பல களியாட்ட மனைகளில் விருந்தோம்பும் தலைவியாக விளங்கி, பணத்தை வாரி இறைக்க வந்தவர்களை 'ஏமாளிகளே' என்றே அழைத்து வரவேற்றார், வந்தவர்களும் மகிழ்ந்தனர். சலூனை மூடவென்று தாய்மார் நடத்திய போராட்டத்தின் பயனாக, அவர்களுடைய பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாய்ப் புதிய தவறணைகளை நிரப்பினர்.

வடக்கே ஹார்லம் பகுதிக்குச் செல்வோம். லெனொக்ஸ் வீதியும் 142ஆம் தெருவும் சந்திக்குமிடத்தில் 'கொட்டன் கிளப்' இருந்தது. 1923ஆம் ஆண்டளவில் இதனைத் தன்வசமாக்கிய ஓனி மாடன், குற்றக் கும்பலொன்றின் தலைவன். தன் சரக்கை விற்பதற்கு ஓர் அழகிய மண்டபத்தை அவன் நாடினான். மேடையில் ஆடியோர், பாடியோர், இசைத்தோர் யாவரும் கறுப்பு இனத்தவர். பார்வையாளராகவோ வெள்ளையரே அனுமதிக்கப்பட்டனர். ஹார்லம் மக்கள் தம் சொந்த ஊரிலே, தம் இனத்துக் கலைஞரின் இசையைக் கேட்க அக்கதவினுள் நுழைய இயலவில்லை. 1927ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கம் 1931 வரை அங்கு இசைக்குழு நடத்தியவர் டியூக் எலிங்டன். வானொலியிலே கேட்கும் நாம் ஒன்றை எண்ணி மகிழலாம். அம்மண்டபத்திலிருந்து ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் எலிங்டனின் இசையை நாடெங்கும் கொண்டுசென்றன. கதவு தடுத்தவர்களை வானொலி தடுக்கவில்லை. மண்டபத்தினுள் புகமுடியாத ஹார்லம் ஏழைகளோ, வீட்டு வாடகைப் பணம் சேர்ப்பதற்காகத் தம் சிற்றறைகளிலே இசை விருந்து நடத்தி, வந்தவரிடம் சிறு கட்டணம் பெற்று, வீட்டில் காய்ச்சிய மதுவை விற்றனர்.

இரவு நெடுநேரமாகிவிட்டது. இனித் தெற்கே திரும்பி, நகரின் கீழைக்கரையில், முதலாம் அவெனியூவிலுள்ள ஒரு பெருங்கதவின் முன் நிற்போம். இது தவறணையின் கதவன்று. இதில் துவாரமில்லை, மறைசொல் தேவையில்லை. இரவும் பகலும் இது திறந்தேயிருக்கும். இது பெல்வியூ அரசாங்க வைத்தியசாலை.

தொழில்களுக்கான மதுசாரத்தைக் கள்ள வியாபாரிகள் களவாடினர் என்று முன்னர் கூறினேன். அதைக் குடிக்கமுடியாதபடி செய்வதற்கு, மெதனோல் முதலிய நச்சுப் பொருள்களைக் கலக்கும்படி சட்டம் விதித்திருந்தது. கள்ளர்கள் இரசாயன அறிஞரை வேலைக்கமர்த்தி நஞ்சை நீக்க முயன்றனர். அரசு நஞ்சின் அளவைக் கூட்டிற்று. 1927ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இன்னும் கடுமையான கலவை நடைமுறைக்கு வந்தது. மெதனோல் சாதாரண மதுசாரத்தைப் போலவே தோன்றும். சுவையாலும் மணத்தாலும் வேறுபடுத்தல் அரிது. உடலினுள் அது போமிக்கமிலமாக மாறி, கண்ணின் நரம்பை முதலில் தாக்கும். குடித்தவன் மறுநாள் கண் இருண்டு எழுவான், அல்லது எழமாட்டான்.

1926ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே, ஒரு சில நாட்களுக்குள், நஞ்சு கலந்த மதுவருந்தியோர் அறுபதின்மருக்கு மேல் பெல்வியூ வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். பலர் மாண்டனர். நகரின் தலைமை மரணப் பரிசோதனை வைத்தியராயிருந்தவர் சார்ல்ஸ் நொறிஸ். அவருடைய ஆய்வுகூடத்தில் அலெக்சாண்டர் கெட்லர் என்ற நஞ்சியல் அறிஞர் உடல்களைச் சோதித்து, நஞ்சின் பெயரையும் அளவையும் எழுதிவைத்தார். நொறிஸ் வாளாவிருக்கவில்லை. மதுசாரத்தில் நஞ்சிருப்பதையும், மக்கள் அதனைக் குடிப்பதையும் அறிந்துகொண்டே அரசாங்கம் நஞ்சிடுகிறது. ஆதலால் இம்மரணங்களுக்கு அறநெறிப்படி அரசாங்கமே பொறுப்பு என்று பகிரங்கமாகக் கூறினார். மாண்டவர் யார் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். நல்ல சரக்கை வாங்க வசதியற்று, மிக மலிவானதைக் குடித்த ஏழைகளே அவர்கள். சலூன் எதிர்ப்புக் கழகத்து வீலரோ, தெரிந்தே அத்தகைய மதுவைக் குடிப்பவன் தற்கொலை செய்பவனே என வாதித்தார்.

இது நியூயோர்க்கோடு நிற்கவில்லை. 1930ஆம் ஆண்டில் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், 'ஜமேக்கா இஞ்சி' என்ற மருந்துச் சாரத்தைப் போதைக்காக அருந்திய பல்லாயிரவரின் கால்கள் முடங்கின. அரசுச் சோதனையை ஏமாற்றும் பொருட்டு அதனோடு சேர்க்கப்பட்ட ஓர் இரசாயனப் பொருள் நரம்பை அழித்துவிட்டது. அவர்களும் பெரும்பாலும் வறியோரே.

நேயர்களே, ஒரே இரவில் 52ஆம் தெருவிலே செங்கற் சுவர் திறந்து சீமை மது வெளிவருகின்றது. பெல்வியூவிலே ஒருவன் தன் கைகளைக் கண்முன் பிடித்துக்கொண்டு, விளக்கை ஏற்றுங்கள் என்று கேட்கின்றான். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் நிகழ்ந்தவை.

ஆயினும் மதுவிலக்கால் எப்பயனும் விளையவில்லை என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். பிற்காலப் பொருளியலாளர் ஆராய்ந்தபடி, தொடக்கத்தில் மது அருந்துதல் முன்னிருந்த அளவில் நூற்றுக்கு 30 ஆகக் குறைந்தது. சில ஆண்டுகளில் அது 60, 70 என உயர்ந்தது. ஆகவே குடி குறைந்தது உண்மை. ஒழியவில்லை என்பதும் உண்மை. மிதமாகக் குடித்தவனும் குற்றவாளிகளோடு உறவாட நேர்ந்தது. குற்றவாளிகள் பெருஞ் செல்வராயினர். சிக்காகோவின் அல் கப்போனை 1931இல் வருமான வரி ஏய்ப்புக்காகவே தண்டிக்க முடிந்தது. மது விற்றதற்காகத் தண்டிக்க முடியவில்லை.

இதன் முடிவிலும் பெண்களே முன்னின்றனர். போலின் சபின் என்ற நியூயோர்க் சீமாட்டி, தம் மைந்தர் மதுவற்ற உலகில் வளர்வர் என்றெண்ணி முதலில் மதுவிலக்கை ஆதரித்தவர். சட்டத்தை மதியாமை பிள்ளைகளுக்குப் பழக்கமாகி வருவதைக் கண்டு மனம் மாறினார். 1929ஆம் ஆண்டில் மதுவிலக்குச் சீர்திருத்தத்துக்கென மாதர் சங்கமொன்றை நிறுவினார். சில ஆண்டுகளில் அதன் உறுப்பினர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியதென அறிவிக்கப்பட்டது. 1873இல் சலூன் வாயிலில் முழந்தாளிட்ட தாய்மாரும், 1929இல் இச்சங்கத்தில் சேர்ந்த தாய்மாரும் பேசிய பொருள் ஒன்றே: தம் பிள்ளைகளின் வாழ்வு. அதே ஆண்டிலே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் அரசுக்கு வரிப்பணமும் மக்களுக்கு வேலையும் அவசரமாகத் தேவைப்பட்டன. 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் இலேசான பியர் அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் திகதி, யூட்டா மாநிலம் 36ஆவதாக இணங்கியதும், 21ஆவது திருத்தம் நிறைவேறி 18ஆவது திருத்தத்தை நீக்கிற்று. அமெரிக்க அரசியல் யாப்பின் திருத்தமொன்று முற்றாக நீக்கப்பட்ட ஒரே சந்தர்ப்பம் இதுவாகும்.

மறைவுத் தவறணைகள் ஒன்றில் விளக்கேற்றி முன்வாயிலைத் திறந்தன, அல்லது மறைந்தொழிந்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றபின் வந்த தலைமுறை அவற்றின் சாயலை மீண்டும் எழுப்பியிருக்கின்றது. மங்கிய விளக்கும், தாழ்ந்த குரலும், இரகசியக் கதவும் இன்பம் தருகின்றன என்றால் அதிற் குறைகாண வேண்டியதில்லை. அக்காலத்து இசையும் கைத்திறனும் போற்றத்தக்கவையே. ஆனால் ஒரு காலத்தைப் போலிசெய்யும்போது, அதன் இனிய பாதி மாத்திரமே எஞ்சுகின்றது. துவாரத்தின் வழியே பார்த்த கண் நினைவிலிருக்கிறது. பார்வையிழந்த கண் மறக்கப்பட்டுவிட்டது.

ஒரு தீமையை ஒழிக்க நல்லோர் முனைவது உலகெங்கும் காணப்படுவதே. அம்முயற்சி சட்டமாக வடிவெடுக்கும்போது, மக்களின் மனம் அதனோடு இணங்கியிருக்கின்றதா என்று ஒருமுறை கேட்கவேண்டும். இணங்காதவிடத்து மீறுவோர் எவ்வழியாக மீறுவர், அவ்வழியில் வீழ்பவர் யார் என்று இருமுறை கேட்கவேண்டும். ஏனெனில் செல்வருக்குச் சுவரும் கதவாகும்; வறியோருக்குத் திறந்திருப்பது வைத்தியசாலையின் வாயில் ஒன்றே. தேநீர்க் கோப்பையில் மதுவருந்தி மகிழும் உல்லாசப் பயணி, விடுதிக்குத் திரும்பும் வழியிலே முதலாம் அவெனியூவைக் கடக்க நேர்ந்தால், அப்பெரிய கட்டடத்தைச் சற்றே நிமிர்ந்து பார்ப்பாராக. அந்த இரவின் வரலாறு அப்போதுதான் அவருக்கு முழுமையாகும்.